மரியோராவின் முழங்கால்

"ஸ்மரந்தா, பால்கட்டி தீந்துபோச்சு. சந்தை வரைக்கும் போயிட்டு வர்றியாம்மா?"

கீழ்வீட்டு மரியோரா வாசலில் நின்றாள். ஒரு கை கதவு நிலையில், இன்னொரு கை முழங்காலில். வயது ஐம்பதுதான், முகத்தில் எண்பது வயது வலி.

"முக்குக் கடையிலயே இருக்கே அக்கா?"

"அதை சுவத்துக்குப் பூசலாம், வாயில வைக்க முடியாது. சந்தையில மலைப்பக்கத்து லென்யூட்சா இருப்பா. என் பேரைச் சொல்லிடாத, எங்களுக்குள்ள சண்டை. உன் பேரைச் சொல்லு. ருசி பாரு, நின்னு பேசி வாங்கு."

ஸ்மரந்தா பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸை மாட்டினாள்.

கணவன் லிவியுவுக்குப் புது நெடுஞ்சாலையில் வேலை. அதற்காக திமிஷோவாராவை விட்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் இந்த ஃபோக்ஷானிக்கு இலையுதிர் காலத்தில் குடிவந்தவர்கள். அவன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். அவனுக்கு இல்லாத தொல்லை இவளுக்கு.

பால்கட்டியோடு விட்டாளா மரியோரா?

ரொட்டி என்றால் ஸ்டேஷன் பக்கத்து அடுப்பில்தான் வாங்க வேண்டும். கோட்டுப் பொத்தான் அறுந்தால் புனித யோவான் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தையல்காரர் சாண்டுதான் தைக்க வேண்டும். "குடுத்துட்டு வந்துடாத, பக்கத்துல உக்காந்து தைச்சு வாங்கிட்டு வா. இல்லேன்னா மறந்துடுவாரு மனுஷன்!"

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் தலைக்கு மேலே விளக்கு ஆடியது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. ஸ்மரந்தா அலறிக்கொண்டு எழுந்தாள்.

சாண்டு ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உக்காரும்மா. நிலநடுக்கம்தான். நம்ம ஊர் ஆளு, அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவாரு."

கட்டட வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாயை மூடுவார்களா?

"மரியோராவுக்கு சம்பளமில்லாத வேலைக்காரி கிடைச்சுட்டாடி!"

"பாவம், முடியாதுன்னு சொல்லத் தெரியல அந்தப் பொண்ணுக்கு."

லிவியுவும் சிரித்தான். "கட்டின புருஷனுக்கு ஒரு சூப்பு வைக்க நேரமில்ல. கீழ்வீட்டுக்கு மட்டும் ஊரையே சுத்துற!"

"என்ன பண்றது? கால் முடியாதவ கேக்கறா. முகத்துல அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

ஜனவரி இருபத்துநாலு வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு நாடு ஒன்றாகி இந்த நாடு பிறந்த நாள். சதுக்கத்தில் ஊரே கைகோத்து வட்டமாக ஆடும்.

அன்றைக்கும் விடவில்லை மரியோரா.

"சூப்புல ஊத்தப் புளிச்ச தவிட்டுத் தண்ணி வேணும்மா. சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுல விக்கறாங்க. நானே போவேன், இந்தக் காலை வெச்சுக்கிட்டு..."

பாட்டிலோடு திரும்பும்போது கூட்டம் வழியை மறித்தது. பனியில் வாத்தியம் முழங்க, வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் எல்லோரையும்விட ஒரு சாண் உயரம் குதித்துக்கொண்டிருந்தது ஒரு சிவப்புத் தலைத்துணி.

மரியோரா!

அவள் கையைப் பிடித்திருந்தது, சண்டைக்காரி லென்யூட்சா.

ஸ்மரந்தாவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. இத்தனை நாளும் பனியிலும் சகதியிலும் அலைந்ததெல்லாம் இதற்குத்தானா? நாலு பேர் பார்க்கக் கேட்டுவிடுவது என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

"ஏய், ஸ்மரந்தா!" லென்யூட்சா கத்தினாள். "இந்த வாரம் ஏன் வரல? உனக்குன்னு மெத்துனு ஒரு துண்டு எடுத்து வெச்சிருந்தேன்!"

"ஸ்மரந்தா, இங்க வா!" ரொட்டி அடுப்புக்காரர் கையை ஆட்டினார்.

"நம்ம ஸ்மரந்தாவா? வழி விடுங்கப்பா!" தையல்காரர் சாண்டு பாட்டிலைப் பிடுங்கி யாரிடமோ கொடுத்துவிட்டு, அவளை வட்டத்துக்குள் இழுத்தார். லென்யூட்சா நகர்ந்து இடம் விட்டாள். இந்தப் பக்கம் சாண்டு, அந்தப் பக்கம் மரியோரா. கால்கள் தானாக நகர ஆரம்பித்தன.

"அக்கா, உங்க முழங்காலுக்கு என்ன ஆச்சு?"

"அதுக்கென்ன? கல்லு மாதிரி இருக்கு."

"லென்யூட்சாவோட சண்டை?"

"பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுடி நாங்க."

"அப்போ எதுக்கு என்னை நாய் மாதிரி ஊரெல்லாம் அலைய விட்டீங்க?"

மரியோரா ஆட்டத்தை நிறுத்தவில்லை. அவள் காதருகே மட்டும் குனிந்தாள்.

"உங்க குளியலறைக்கும் எங்க குளியலறைக்கும் ஒரே காத்துக்குழாய். குடிவந்த புதுசுல நீ கதவைச் சாத்திக்கிட்டு உங்கம்மாகிட்ட போன்ல அழுதது எனக்கு அப்படியே கேட்டுச்சு: 'இந்த ஊர்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்லம்மா'ன்னு."