கழலாத மெட்டி

"பிரஷருக்கு நீங்க சாப்பிடுற அம்லோடிபின், சிலருக்குக் காலை வீங்க வைக்கும். சில்னிடிபின்ல வீக்கம் குறைவு. மாத்தித் தர்றேன்" என்றார் டாக்டர்.

"சீக்கிரம் வடிஞ்சிருமா சார்?" சரண்யாதேவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெட்டி விரலில் புதைந்திருந்தது.

"மெட்டியை வெட்டிரலாமேம்மா?"

"நான் உசுரோட இருக்கையில வெட்டுறதா?" பதறினான் கணவன் அருள்பாண்டி.

"இந்த வயசுல இம்புட்டு பிரஷர் ஏன்? வீட்ல ஏதும் கவலையா?"

"இவளுக்கென்ன சார் கவலை?" அவனே பதில் சொன்னான்.

மாத்திரை மாறியது. தினமும் மெட்டியைத் திருகித் திருகிப் பார்த்தாள். 'புருசன் மேல அம்புட்டுப் பாசம்' என்று திருநகர் முழுக்கப் பீற்றிக்கொண்டான்.

வீக்கம் வடிந்த அன்று, மெட்டிகளை அவன் கையில் வைத்தாள்.

"வெட்டக் கூடாதுன்னீங்கல்ல? கழட்டிட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"போறேன்னு சொல்லாதடி, வாரேன்னு சொல்லு!"

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"போறேன்."