ஸ்டாண்டில் தொங்கிய பை

நேற்றும் முந்தாநாளும் காற்றில் கேமரா ஸ்டாண்டு ஆடி, நான் எடுத்த அஸ்தமனப் படங்கள் வீணாகியிருந்தன. இன்று, கடலுக்குள் நீண்ட குறுகிய பாறையில் நின்றிருந்த ஒருவர் தன் பையை நீட்டினார்.

“இதத் தொங்க விடுங்க தம்பி, நல்ல கனம். நான் முன்னால, முனையில போயி உக்காரட்டுமா?”

“உக்காருங்க அண்ணாச்சி. அசையாம இருந்தாப் போதும்.”

ஐந்து நொடிக்கு ஒரு படம். வெளிச்சம் குறையக் குறைய எக்ஸ்போஷரைக் கூட்டினேன். திரையில் எண்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

இருட்டியதும் எடுத்த படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மேகம் ஓடியது, அலை ஓடியது, அவர் அசையவே இல்லை. இருநூற்றுப் பதினோராவது படத்தில் பாறைமுனை காலியாக இருந்தது.

கரைக்குத் திரும்ப என்னை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் உரசவில்லை.

மறுபடி ஓட்டினேன். ஒரு படம்கூட ஆடவில்லை. ஸ்டாண்டில் அவர் பை தொங்கிக்கொண்டிருந்தது.