எடுக்காத அழைப்புகள்

சிமெண்ட் கலவை மெஷின் வாங்கத் தவமணி கேட்ட கடனை வங்கியின் கணினி மூன்றே நொடியில் மறுத்துவிட்டது. காரணத்தை மேலாளர் திரையைப் பார்த்துப் படித்தார்.

"நீங்க பார்க்க அனுமதி கொடுத்த போன் பதிவுல, ஒரு வருசத்துல உங்களுக்கு முந்நூறு அழைப்பு வந்திருக்கு. ஒண்ணைக்கூட நீங்க எடுக்கல. கடன் கொடுத்தவங்களுக்குப் பயந்து போனை எடுக்காத ஆளுன்னு கணினி முடிவு பண்ணிடுச்சும்மா."

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. "அது எங்க சித்தாளுங்க விடியக்காலைல கொடுக்குற மிஸ்டு கால் சார். நான் கிளம்பிட்டேன், நீயும் கிளம்புன்னு அர்த்தம். வேலைக்கு வர முடியாதவ மட்டும்தான் எடுத்துப் பேசுவா."

"அது கணினிக்குத் தெரியாதே. ஆறு மாசம் எடுத்துப் பேசிட்டு வாங்க, கடனுக்கான மதிப்பெண் ஏறிடும்."

"வேலைக்குப் போறவள வராதவ மாதிரி நடிக்கச் சொல்றீங்களா? போன் போட்டா மேஸ்திரி ஆள் கணக்கு நோட்டைக் கொண்டாந்துடுவாரு. அதை உங்க கணினிக்குப் படிச்சுக் காட்டுங்க. நான் வராத நாள் ஒண்ணு இருந்தா எந்திரிச்சுப் போயிடுறேன்."

"அதுக்கெல்லாம் வழியில்லம்மா. கிளம்புங்க."

தவமணி நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டாள்.

"வழி பொறக்குற வரைக்கும் உக்கார்றேன். நாலு மாடி செங்கல் சுமந்து ஏறுற உடம்பு சார் இது. நீங்கதான் முதல்ல களைச்சுப் போவீங்க."