நீல நாக்கு

ரிக்கில்டா கிணற்றடியில் குந்தி, உப்பை அள்ளி நாக்கில் போட்டுத் தேய்தேயென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். கொப்பளித்துத் துப்பிய தண்ணீரும் நீலமாகத்தான் வந்தது.

"தேய்ச்சா மட்டும் பாவம் போயிடுமாடி?" என்றாள், மடத்துச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் வில்ட்ரூட். "ஆனா ஒண்ணு, நீ வரைஞ்ச குரங்கு அச்சு அசலா நம்ம ஆயரேதான். கண்ணுல ஒத்திக்கலாம்."

"ஐயோ அக்கா, சத்தியமா நான் வரையல! மாதாவோட அங்கிக்கு நீலம் அடிச்சிட்டிருந்தேன். கெர்லாக் சாமியோட கழுதை வாசல்ல படுத்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேன்னுச்சே, அதை வேடிக்கை பார்க்க ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள எவளோ கைவரிசையைக் காட்டிட்டா!"

"சரி, நம்பிட்டேன்" என்று வில்ட்ரூட் கண்ணடித்தாள்.

குரங்கு இருந்தது, ரைன் நதிக்கரையின் அந்தக் கன்னியர் மடத்தில் ஆயருக்கென்றே எழுதி வரைந்த, ஜெபப் பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகத்தில். அதை வாங்கிப் போக ஆயர் அனுப்பிய கெர்லாக் சாமி ஆசையாகப் புரட்டினார். தங்க எழுத்துக்குப் பக்கத்தில், ஆயரின் தொப்பியும் நீல அங்கியும் அணிந்த குரங்கு ஒன்று மதுக்குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இளித்தது. சாயம்கூடக் காயவில்லை.

போன அறுவடைக்கு வந்த ஆயர், மடத்து மதுவை ஒரு சொட்டு விடாமல் காலி செய்துவிட்டு, மறுநாள் புலனடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர். அதனால் குரங்கை வரையும் ஆசை யாருக்கு வேண்டுமானாலும் வந்திருக்கும். ஆனால் நீலம் தொட்டு வேலை செய்பவள் இப்போது ரிக்கில்டா ஒருத்திதான்.

"தூரிகை முனையை நாக்குல வெச்சுத்தானே கூராக்குறீங்க? அப்ப வரைஞ்சவ நாக்கு நீலமா இருக்கும்" என்று கெர்லாக் சாமி கண்டுபிடித்துவிட்டார். "கஞ்சி குடிச்சதும் எல்லாரும் நாக்கை நீட்டுங்க. மாட்டினவளுக்குச் சாகுற வரைக்கும் பன்றிக் கொட்டில்தான். தூரிகையை இனி கண்ணாலயும் பார்க்கக் கூடாது."

விசாரணையைக்கூட அவரால் கஞ்சிக்குப் பிறகுதான் நடத்த முடியும்.

ரிக்கில்டாவுக்குத் தூரிகைதான் உயிர். மடத்துத் தலைவி ஓடிலியா அம்மா இளவயதில் தூரிகை பிடித்தவர்; அவருக்குத்தான் தன் கஷ்டம் புரியும் என்று நம்பியிருந்தாள்.

அந்த அம்மாவோ வாயைத் திறந்தால் மூடாதவர், அன்று பார்த்து உதட்டில் விரலை வைத்து, மௌன விரதம் என்று காட்டிவிட்டார். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத உபவாசம் வேறு. குரங்கைக் காட்டியபோது சிலுவை போட்டுக்கொண்டாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் வில்ட்ரூட்டைக் கூப்பிட்டுச் சைகையில் என்னவோ சொன்னார்.

மேசைக்கு வந்தது நீலப்பழக் கஞ்சி. காட்டில் பறித்த பழங்களைக் கூடைகூடையாக மசித்துக் கொட்டி, தேனும் ஊற்றியிருந்தாள் வில்ட்ரூட். கெர்லாக் சாமி இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிறகு கன்னியர் வரிசையாக நின்று, ஒருத்தி பின் ஒருத்தியாக அவர் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினார்கள். பல வருஷ ஆசையைத் தீர்த்துக்கொள்வது போல அடிநாக்கு தெரிய நீட்டினார்கள். அத்தனை நாக்கும் நீலம்.

கடைசியில் தலைவி நின்றார். மௌன விரதத்தில் இருப்பவரிடம் வாயைத் திறக்கச் சொல்ல முடியுமா? சாமி தலை வணங்கிவிட்டு நகர்ந்தார்.

"என்ன சாமி, எல்லாரையும் கொட்டிலுக்கு அனுப்பிடலாமா?" என்றாள் வில்ட்ரூட். "அப்ப நீங்களும் வரணும். உங்க நாக்கைக் கொஞ்சம் கண்ணாடியில பாருங்க."

கெர்லாக் சாமி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். குரங்கைக் கத்தியால் சுரண்டி எடுத்த கையோடு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கழுதையேறினார். கழுதையும் மறுபேச்சில்லாமல் நடந்தது.

வாசற்கதவு மூடியதுதான் தாமதம், ரிக்கில்டா ஓடிப்போய்த் தலைவியின் முன் மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

"அம்மா, நீங்க மட்டும் இல்லைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்? எனக்காக இந்தக் கஞ்சி யோசனை எல்லாம் பண்ணினீங்களே!"

ஓடிலியா அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அகலத் திறந்த அந்த வாய்க்குள், கஞ்சியே படாத நாக்கு நீலமாக இருந்தது.

"உனக்காகன்னு யாருடி சொன்னா?"