மூன்று இழுப்பு

இடது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார்.

பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.

ரேஷன் அரிசி ஒரு டம்ளர். துவரம் பருப்பு கால் டம்ளர். இரண்டும் அரை மணி நேரமாக ஊறிக்கொண்டிருந்தன. மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் ரேஷன் அரிசியின் வாடை போய்விடும். மனைவி பாவாயி சொல்லிக்கொடுத்தது. கட்டிலில் படுத்தபடியே, சமையலை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

கடுகு, சீரகம். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி, இரண்டு வரமிளகாய். வதங்கி மஞ்சள்தூளும் உப்பும் விழுந்ததும் அரிசி, பருப்பு. மூன்றரை டம்ளர் தண்ணீர். ஒரே குக்கர், ஒரே வேலை. ஒற்றை ஆளுக்கு மத்தியானமும் ஆச்சு, ராத்திரியும் ஆச்சு.

மூடியைப் போட்டு வெயிட்டை வைத்தார்.

இனிமேல்தான் சோதனை.

மூன்று விசில். நாலானால் குழைந்துவிடும். அதற்கு மேல் அடிப்பிடிக்கும்.

அவருக்குக் காது கேட்காது. முப்பத்தைந்து வருஷம் விசைத்தறி. தறி காதைத் தின்றுவிட்டு, உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிற வித்தையைக் கொடுத்திருந்தது.

குக்கருக்கு உதடு இல்லை.

பக்கத்திலேயே நின்று பார்க்கலாம் என்றால், முதல் விசிலின் ஆவியிலேயே மூக்குக் கண்ணாடி மூடிக்கொள்ளும். துடைத்து மாட்டுவதற்குள் எண்ணிக்கை போய்விடும்.

அதற்குத்தான் கயிறு.

கழிவு நூலை முறுக்கி அவரே திரித்தது. ஒரு நுனி அவர் கையில். மறு நுனி படுக்கையறையில், பாவாயியின் கையில். பக்கவாதம் அவளுக்கு விட்டுவைத்தது அந்த ஒரு கையைத்தான். அவளுடைய காது, அவருடைய கால். இரண்டு வருஷம் அந்த வீட்டில் அப்படித்தான் அடுப்பு எரிந்தது.

ஒரு விசிலுக்கு, வெடுக்கென்று ஒரு இழுப்பு. மூன்று ஆனால் அணைக்க வேண்டும்.

நீளமாக ஒரே இழுப்பு என்றால், வா.

அவள் போய் நாற்பது நாள்.

நாற்பது நாளில் குக்கர் இரண்டு முறை கருகியது. இரண்டாம் முறை புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மகன் பூபதிக்குப் போன் போட்டுவிட்டார்கள். இன்று காலையில் ஓசூரிலிருந்து அவன் வந்து இறங்கினான். வந்ததும் காது மிஷினை எடுத்துப் பார்த்தான். மாட்டினாலும் வெறும் இரைச்சல்தான். அதன் பேட்டரியும் செத்து ஒரு வாரம்.

"இன்னைக்கு நீங்களே ஒரு சோறு ஆக்கிக் காட்டுங்ப்பா. நான் கிச்சன் பக்கமே வரமாட்டேன். நல்லா வந்துச்சுன்னா இங்கயே இருங்க. கருகுச்சுன்னா பேசப்படாது. ஊட்டப் பூட்டிட்டு என்ர கூட வந்தரோணும்."

தலையாட்டினார்.

இந்த வீட்டை விட்டு அவரால் போக முடியாது. ஏன் என்று சொன்னால் மகன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான்.

பூபதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சமையலறை ஜன்னலில் அவன் முதுகு தெரிந்தது.

கயிற்றைக் கட்டியது பழக்கத்தில்தான். மறு நுனியைக் காலிக் கட்டிலின் காலில் சுற்றி வைத்திருந்தார்.

கண்ணாடி மூடிக்கொண்டது.

வெடுக்.

அசையாமல் நின்றார்.

வயசான நரம்பு. துள்ளத்தான் செய்யும்.

வெடுக்.

இப்போது கண்ணாடியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மூன்றாவதற்குக் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் வரவில்லை. வலது கை தானாக அடுப்பின் திருகுக்குப் போனது. அவசரக்காரர் என்று பாவாயி திட்டுவது இதற்குத்தான். கையை எடுத்துக்கொண்டார்.

வெடுக்.

அணைத்தார்.

மணிக்கட்டு முடிச்சு ஆவியில் நனைந்து இறுகிவிட்டது. அவிழவில்லை. கயிற்றோடேயே அடுப்படியில் தட்டை வைத்து மகனுக்குப் பரிமாறினார்.

பூபதி முதல் கவளத்திலேயே நிமிர்ந்தான். குழையவும் இல்லை, விறைக்கவும் இல்லை. சுட்ட அப்பளத்தை நொறுக்கிப் போட்டு இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டான்.

"அம்மா ஆக்குனாப்பலயே இருக்குது. நானும் வெளிய எண்ணிட்டுத்தான் இருந்தேன். கரெக்டா மூணுல நிறுத்திப்போட்டீங்க. எப்படிங்ப்பா?"

அவர் மகனின் உதட்டைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். காது கேட்காதவனுக்கு அது ஒரு வசதி.

பூபதி கை கழுவிவிட்டு உள்ளே போய் வந்தான். அவர் தோளைத் தொட்டுத் திருப்பினான்.

"அந்தக் கயிறு கால்ல தட்டுது. உங்களையக் கீழ வுழுத்தாட்டிப்போடும். கட்டில்ல இருந்து அவுத்து உட்டுட்டேன்."

போனோடு வாசலுக்குப் போனான். இப்போது ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. உதடுகள் மனைவியிடம் பேசின.

இல்ல. அப்பா இங்கயே இருக்கட்டும்.

அவர் குக்கரைத் தேய்க்க எடுத்தார். நாற்பது நாளில் முதல்முறையாக அடியில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை.

அவிழ்த்துவிட்ட கயிறு அவர் மணிக்கட்டிலிருந்து இறங்கி, நிலைப்படியைத் தாண்டி, படுக்கையறை வரைக்கும் தரையில் தொய்ந்து கிடந்தது.

மெல்ல நேரானது.

தரையை விட்டு எழும்பியது.

ஒரே இழுப்பு. நீளமாக.

ஜன்னலுக்கு வெளியே பூபதி இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

அவர் சோப்பு நுரை படிந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"இரு புள்ள. கையக் கழுவிட்டு வர்றேன்."