மங்கையர்க்கரசியின் பூட்ஸ்

"நாப்பத்தெட்டு வயசுல இவ்வளவு தடியா தோல் பூட்ஸ் எதுக்கு? பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?" என்று செருப்பு ஸ்டாண்டில் இருந்த பச்சை ரன்னிங் ஷூ கேட்டது. அது மங்கையர்க்கரசியின் வீட்டுக்காரருடையது. அவருக்கு ஐம்பத்து மூணு. ஷூ வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, டீக்கடையைத் தாண்டி ஒருநாளும் ஓடினதில்லை.

"அவங்களுக்குப் பிடிச்சுதானே வாங்கினாங்க?" என்றது அன்றைக்குத்தான் வந்த பூட்ஸ்.

"ஏழு நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம் தம்பி. நாளைக்குக் குதிகால்ல நல்லா கடிச்சு வை. அவளே உன்னைப் பெட்டியில போட்டு அனுப்பிடுவா."

"ஆமா, கடி," என்றது அவளுடைய தட்டைச் செருப்பு. "பதினோரு வருஷமா உழைக்கிறேன். ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்ல. அதுதான் மரியாதை."

காலையில் மங்கையர்க்கரசி பூட்ஸை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "கழட்டிடலாமா?" என்று முனகினாள். கழட்டவில்லை. படியில் டொக் டொக்கென்று இறங்கினாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் நடை தயங்கியது.

கடிப்பதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. புதுத் தோலுக்கு அது சுலபமான வேலையும்கூட. பூட்ஸ் கடிக்கவில்லை.