சிவப்புக் காப்ஸ்யூல்

அந்த மருந்தை விழுங்கினால் சிறுநீர் சிவக்கும். வேர்வையும் கண்ணீரும்கூட ஆரஞ்சு நிறமாகும். காசநோய் கிளினிக் நர்ஸான நான் நோயாளிகளின் வீட்டுக்குப் போனதும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். பிறகு மிச்சமிருக்கும் காப்ஸ்யூல்களை எண்ணுவேன்.

1975இல் மயிலாப்பூர் வள்ளிநாயகம் வீட்டில் இரண்டுமே எப்போதும் சரியாக இருந்தன. திருநெல்வேலிக்காரர், தி.நகர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். ஆறாவது மாதம் எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லப் போனபோது அவர் மனைவி கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நர்ஸம்மா, மொத நாளே அவுக வாந்தி எடுத்துட்டாக. இனித் தொடமாட்டேன்னுட்டாக. சீமை மருந்தாச்சே, வீணாப் போகக்கூடாதுன்னு நாந்தான் தெனமும் முழுங்குதேன்.”

நான் நம்பவில்லை. அன்றைய காப்ஸ்யூலை என் கண்ணெதிரே கோமதியை விழுங்கச் சொன்னேன். மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வள்ளிநாயகம் எதிர் நாற்காலியில் எதையும் விழுங்காமல் இருந்தார். பிறகு இருவரிடமும் சிறுநீர் வாங்கிப் பார்த்தேன். கோமதியுடையது கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. வள்ளிநாயகத்துடையது சிவந்திருந்தது.

“நான் தப்புப் பண்ணிட்டேனா?” என்று கோமதி அழுதார். கன்னத்தில் வழிந்தது வெறும் கண்ணீர்தான்.

“ஏட்டி, அழாத” என்றார் வள்ளிநாயகம். அவர் குரலும் உடைந்திருந்தது.

என் கைகள் தாமாகக் குவிந்தன. அவர் மடியில், வெள்ளை வேட்டியில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு விழுந்து பரவியது. பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது.